முதல்வகை நிலைமாற்றத்தைக் கடக்கும் ஸ்பின் மாதிரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமநிலை இயற்பியலைப் படித்துவிட்டு முதன்முதலாகச் சொந்தமாக ஒரு சிமுலேஷன் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முதல்வகை நிலைமாற்றம் என்றால், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே தாவலாக மாறுவது. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றை ஒரு வரியில் சொன்னால் தப்பாகிவிடும். ஆகவே பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது.

ஸ்பின் மாதிரி என்றால் என்ன, சுருக்கமாக?

ஒரு கட்டவலை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அம்பு, மேலே அல்லது கீழே. பக்கத்து அம்புகள் ஒரே பக்கம் பார்த்தால் ஆற்றல் குறையும், எதிரெதிராகப் பார்த்தால் கூடும். வெளியிலிருந்து ஒரு காந்தப் புலமும் இருக்கலாம். அவ்வளவுதான் ஈசிங் மாதிரி. லென்ஸ் 1920-இல் முன்வைத்தார், அவருடைய மாணவர் ஈசிங் ஒரு பரிமாணத்தில் தீர்த்து, அங்கே நிலைமாற்றமே இல்லை என்று 1925-இல் வெளியிட்டார். இரண்டு பரிமாணத்தில் நிலைமாற்றம் உண்டு. புலம் இல்லாத நிலையில் அதை 1944-இல் ஒன்சாகர் துல்லியமாகத் தீர்த்தார். சதுர வலையில் மாறுநிலை வெப்பநிலை (அதற்குக் கீழே அம்புகள் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும்) சுமார் 2.269. இங்கே எல்லா எண்களையும் பக்கத்து இணைப்பின் வலிமை 1, போல்ட்ஸ்மேன் மாறிலி 1 என்று வைத்துத்தான் சொல்கிறேன்.

ஈசிங் மாதிரியில் இருப்பது தொடர்ச்சியான நிலைமாற்றம் அல்லவா? முதல்வகை எங்கிருந்து வந்தது?

வெப்பநிலையை மாற்றினால் தொடர்ச்சியானதுதான். ஆனால் வெப்பநிலையை 2.269-க்குக் கீழே ஓரிடத்தில் நிறுத்திவைத்துவிட்டு, புலத்தை எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு நகர்த்துங்கள். சமநிலையில், புலம் பூச்சியத்தைத் தாண்டும் இடத்தில் காந்தமாக்கம் (எல்லா அம்புகளின் சராசரி) கீழிருந்து மேலே ஒரே தாவலாகத் தாவ வேண்டும். அந்தத் தாவல்தான் முதல்வகை. வெப்பநிலையாலேயே முதல்வகை மாற்றம் வேண்டும் என்றால் பாட்ஸ் மாதிரிக்குப் போக வேண்டும், அது பின்னால் வருகிறது.

புலம் பூச்சியத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் என் சிமுலேஷனில் ஒன்றுமே நடக்கவில்லை. நிரலில் பிழையா?

பெரும்பாலும் இல்லை. நானும் முதல் தடவை இரண்டு நாள் நிரலைத் துருவிக்கொண்டிருந்தேன், குறியில் எங்கோ தவறு என்று நினைத்து. மாற்றப்புள்ளியில் ஒன்றும் நடக்காது என்பதுதான் இந்த விஷயத்தின் மையமே.

சமநிலைக் கோட்பாடு "இப்போது மேல்நிலைதான் மலிவு" என்று சொல்கிறது, அதற்கு எப்படிப் போவது என்று சொல்வதில்லை. எல்லா அம்பும் கீழே பார்த்துக்கொண்டிருக்கும் வலையில் ஓர் அம்பு மட்டும் திரும்பினால் அதன் நான்கு அண்டை இணைப்புகளும் கெடுகின்றன. ஓர் இணைப்பு கெட்டால் செலவு 2, ஆக மொத்தம் 8, புலம் தரும் லாபம் புலத்தின் இருமடங்குதான். புலம் 0.3 என்றால் நிகரச் செலவு 7.4. அந்த அம்பு அடுத்த நொடியே பழைய பக்கம் திரும்பிவிடும். ஆக, மலிவான நிலை ஒன்று எதிரே இருந்தும் கணினியில் உள்ள வலை பழைய நிலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இதற்குத்தான் சிற்றுறுதி நிலை என்று பெயர். பூச்சியம் டிகிரிக்குக் கீழேயும் உறையாமல் இருக்கும் தூய நீரின் கதையும் இதேதான். நுண்துளிகளாக இருந்தால் கிட்டத்தட்ட −38 டிகிரி செல்சியஸ் வரைகூட அது தாக்குப்பிடிக்கும்.

அப்படியானால் மாற்றம் எப்படித்தான் தொடங்குகிறது?

துளியால். தற்செயலாக அருகருகே சில அம்புகள் திரும்பி ஒரு சிறு தீவு உண்டாகிறது. தீவின் உட்பரப்பு லாபம் தருகிறது, கரை செலவு வைக்கிறது. சிறிய தீவில் கரைச் செலவுதான் மேலோங்கும், அது கரைந்துபோகும். ஓர் அளவைத் தாண்டிய தீவு தானாக வளர்ந்து வலை முழுவதையும் விழுங்கிவிடும். அந்த அளவை எட்டுவதற்குப் பெயர் கருவாக்கம்.

இதைத் தாளில் கட்டம் போட்டே பார்த்துவிடலாம். வெப்பநிலை மிகக் குறைவு, புலம் 0.3, கீழ்நோக்கிய கடலில் மேல்நோக்கிய ஒரு சதுரத் தீவு என்று வையுங்கள். அது வளர, ஒரு பக்கத்தில் புதிய வரிசை முளைக்க வேண்டும். சமமான கரையை ஒட்டி முதல் அம்பு திரும்பும்போது மூன்று இணைப்பு கெடுகிறது, ஒன்று சரியாகிறது: செலவு 4, லாபம் 0.6, ஆக ஏற வேண்டிய மேடு 3.4. அதற்குப் பக்கத்து அம்பு திரும்பும்போது இரண்டு கெட்டு இரண்டு சரியாவதால் கரைச் செலவே இல்லை, ஒவ்வொன்றும் 0.6 லாபம். முதல் அம்பு நின்றுவிட்டால் வரிசை தானாக நிரம்பும்.

இனி சுருங்குவதைப் பாருங்கள். மூலையிலிருந்து ஒவ்வொரு அம்பாகப் பழைய பக்கம் திரும்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 0.6 செலவு, கடைசி அம்பு மட்டும் லாபத்தோடு விழும். பக்கம் 6 என்றால் ஐந்து அம்புக்கு மேடு 3.0. பக்கம் 7 என்றால் ஆறு அம்புக்கு 3.6. வளர்வதற்கான மேடு இரண்டுக்கும் அதே 3.4. ஆக 6 பக்கம் உள்ள தீவுக்குச் சுருங்குவது எளிது, 7 பக்கம் உள்ளதற்கு வளர்வது எளிது. வாழ்வா சாவா என்பது ஒரே ஒரு வரிசையில் தீர்மானமாகிறது! பொதுவாக எல்லைப் பக்கம் 2-ஐப் புலத்தால் வகுத்தால் வருவது, இங்கே 6.67. இந்தக் கணக்கை நெவெஸ், ஷோன்மன் இருவரும் 1991-இல் கணிதமாகவே நிறுவினார்கள்.

வெப்பநிலை கூடும்போது துளி சதுரமாக இருக்காது, வட்டத்தை நோக்கிப் போகும், கரைச் செலவுக்குப் பதில் பரப்பு இழுவிசை வரும். தர்க்கம் அதேதான்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

இங்கேதான் எல்லாரும் ஏமாறுவார்கள். காத்திருப்பு நேரம் மேட்டின் உயரத்தை வெப்பநிலையால் வகுத்து, அதன் அடுக்குக்குறிப் படி கூடுகிறது. மேலே சொன்ன உதாரணத்தில் மொத்த மேடு 6×7 செவ்வகமும் அதில் ஒட்டிய ஓர் அம்பும் சேர்ந்த உருவத்தின் ஆற்றல்: கெட்ட இணைப்பு 28, செலவு 56, திரும்பிய அம்பு 43, லாபம் 25.8, மிச்சம் 30.2. வெப்பநிலை 1 என்று வைத்தால் நேரம் தோராயமாக 10¹³ படிகள். புலத்தைப் பாதியாக்கி 0.15 என்று வையுங்கள். மேடு 57.1 ஆகிறது, நேரம் 10²⁴-ஐத் தாண்டுகிறது. புலத்தைப் பாதியாக்கினால் நேரம் இருமடங்காகும் என்று நினைத்து வேலையைக் கணினியில் போட்டுவிட்டுப் போனவர் திரும்பி வந்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பெட்டி பெரிதானால் துளி தோன்றச் சாத்தியமான இடங்களும் கூடும், அந்த அளவுக்கு நேரம் குறையும். ஆனால் 10²⁴-ஐ ஒரு கோடியால் வகுத்தாலும் 10¹⁷ மிச்சமிருக்கிறது.

ஒரு துளி வளர்ந்து எல்லாவற்றையும் விழுங்குமா, பல துளிகள் சேர்ந்து விழுங்குமா?

இரண்டும் உண்டு, எது என்பதைப் பெட்டியின் அளவும் புலமும் சேர்ந்து முடிவு செய்யும். ஒரு துளி பெட்டி முழுவதும் பரவ ஆகும் நேரத்துக்குள் இன்னொரு துளி பிறக்கவில்லை என்றால் ஒற்றைத்துளி நிலை. பிறந்துவிட்டால் பல்துளி நிலை. ரிக்வோல்டும் அவருடைய குழுவினரும் 1990-களில் இதை விரிவாக வகைப்படுத்தினார்கள்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி: வெவ்வேறு தற்செயல் எண் விதையோடு நூறு தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றம் நடந்த நேரம் கன்னாபின்னாவென்று சிதறி, சிதறலே சராசரி அளவுக்கு இருந்தால் ஒற்றைத்துளி. எல்லா ஓட்டமும் ஏறக்குறைய ஒரே வளைவில் போனால் பல்துளி. பல்துளியில் மாறாமல் மிஞ்சும் பகுதி, இரு பரிமாணத்தில், நேரத்தின் மூன்றாம் அடுக்கை எதிர்மறை அடுக்குக்குறியாகக் கொண்டு வீழும். கோல்மோகரோவ், ஜான்சன், மெல், அவ்ராமி ஆகியோர் 1937 தொடங்கி சில ஆண்டுகளுக்குள் தனித்தனியே வந்து சேர்ந்த விதி இது. நேரத்தின் இரண்டு அடுக்கு துளியின் பரப்பு வளர்வதால், இன்னொன்று துளிகள் பிறந்துகொண்டே இருப்பதால்.

ஒற்றைத்துளி நிலையில் ஒரே ஓட்டத்தை வைத்துப் படம் வரைந்து "இதுதான் ஆயுள்" என்று எழுதாதீர்கள், அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை.

புலத்தை மிக மெதுவாக நகர்த்தினால் சமநிலையோடு ஒட்டியே போகலாமா?

கோட்பாட்டில் ஆம், நடைமுறையில் இல்லை. பெரிய வலையில் புலத்தைச் சீராக ஏற்றிக்கொண்டு போனால், அந்தந்தப் புலத்தில் துளி பிறக்க ஆகும் நேரம் நீங்கள் அந்த அளவைக் கடக்க எடுக்கும் நேரத்தோடு ஒப்பாகும் இடத்தில் தாவல் நடக்கும். முதல் நேரம் புலத்தோடு அடுக்குக்குறியாக மாறுகிறது, ஆகவே இரு பரிமாணத்தில் தாவல் நடக்கும் புலம் ஏற்றும் நேரத்தின் மடக்கைக்கு எதிர்விகிதம்.

மடக்கை என்றால் எவ்வளவு கொடுமை என்று எண்ணில் பாருங்கள். 10⁴ படிகளில் ஏற்றியபோது ஒரு புலத்தில் தாவியது. அதில் பாதிப் புலத்திலேயே தாவ வேண்டும் என்றால் 10⁸ படிகளில் ஏற்ற வேண்டும். அதிலும் பாதி வேண்டுமா, 10¹⁶. முப்பரிமாணத்தில் இன்னும் மோசம். அங்கே மடக்கையின் வர்க்கமூலம் வருவதால் முதல் பாதிக்கே 10¹⁶ ஆகிவிடும். இவை முதன்மைப் போக்கை மட்டும் வைத்துச் சொன்ன எண்கள், திருத்தங்கள் உண்டு. ஆனால் "இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் சரியாகிவிடும்" என்கிற நம்பிக்கையை விட்டுவிட இவையே போதும்.

கிப்பிள்–சூரெக் விதி இங்கே பொருந்தாதா?

அப்படியே பொருந்தாது. கிப்பிள் 1976-லும் சூரெக் 1985-லும் சொன்னது, மாற்றப்புள்ளியை ஒரு வேகத்தில் கடந்தால் வலை எவ்வளவு பின்தங்கும் என்கிற விதி, தொடர்ச்சியான நிலைமாற்றத்துக்கு. அங்கே மாற்றப்புள்ளியை நெருங்க நெருங்கத் தொடர்பு நீளம் (ஓர் அம்பின் தாக்கம் எட்டும் தூரம்) எல்லையில்லாமல் வளர்கிறது, ஓய்வு நேரமும் (சமநிலைக்குத் திரும்ப ஆகும் நேரம்) கூடவே வளர்கிறது, அதனால் கடக்கும் வேகத்தின் அடுக்குவிதியாக எல்லாம் வருகிறது. முதல்வகையில் தொடர்பு நீளம் மாற்றப்புள்ளியிலும் சிறியதாகவே நிற்கிறது. தாமதத்துக்குக் காரணம் மேடு, வேறெதுவும் இல்லை.

ஆனால் பெட்டி சிறியதாக இருந்து புலமும் பூச்சியத்தை ஒட்டியே இருந்தால், பெட்டி முழுவதும் ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவ ஆகும் நேரம் என்று ஓர் இயல்பான அளவுகோல் கிடைக்கிறது. கடக்கும் நேரத்தை அதோடு ஒப்பிட்டு வரைந்தால் வெவ்வேறு அளவுப் பெட்டிகளின் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று அழகாக விழும். அப்போது மொத்த வலையும் இரண்டே நிலை கொண்ட ஒரு பெரிய அம்பு போலத்தான் நடந்துகொள்கிறது.

ஸ்பினோடல் புள்ளி எங்கே இருக்கிறது?

ஸ்பினோடல் என்பது மேடே மறைந்து சிற்றுறுதி நிலை தாக்குப்பிடிக்க முடியாமல் போகும் புள்ளி. குறுகிய வீச்சு இடைவினை கொண்ட மாதிரியில் உண்மையான ஸ்பினோடல் கிடையாது. ஒவ்வோர் அம்பும் மற்ற எல்லாவற்றோடும் பிணைந்திருக்கும் சராசரிப்புல மாதிரியில்தான் உண்டு. அங்கே கரை என்பதே இல்லாததால் துளி உருவாக வழியில்லை, மேடு மொத்த அம்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர்கிறது, ஒரு குறிப்பிட்ட புலத்தில் அது மறைந்துபோகிறது. அந்தப் புலத்தைத் தாண்டி எவ்வளவு தாமதமாகத் தாவும் என்றால், ஏற்றும் வேகத்தின் 2/3 அடுக்கில். தரவுகளில் 2/3 தெரிந்தால் உங்கள் மாதிரி சராசரிப்புலம் போல நடக்கிறது என்று சந்தேகப்படலாம். குறுவீச்சு மாதிரியில் "ஸ்பினோடல்" என்று தெரிவது பெட்டி அளவும் வேகமும் மாற மாற நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு ஒரு நிலையான எண் கொடுக்க முயல வேண்டாம்.

தயக்கக் கண்ணியின் பரப்பு அதிர்வெண்ணோடு எப்படி மாறும்?

முதலில் ஒன்று, ஹிஸ்டெரிசிஸுக்குத் தயக்கம் என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. சிற்றுறுதி நிலையில் இருக்கும் வலை செய்வது சரியாக அதைத்தான்.

புலத்தை அலைவாக ஏற்றி இறக்கி, புலத்துக்கு எதிரே காந்தமாக்கத்தை வரைந்தால் ஒரு மூடிய வளையம் வரும், அதுதான் கண்ணி. அதன் பரப்பு ஒரு சுற்றில் வீணாகும் ஆற்றல். அம்புகள் எந்தத் திசையிலும் தொடர்ச்சியாகத் திரும்பக்கூடிய மாதிரிகளில், காந்தமாக்கம் புரண்டு விழாமல் சுழன்றே போய்விடலாம், மேடே இல்லை. ஆகவே பரப்பு அதிர்வெண்ணின் அடுக்குவிதியாகக் குறையும். மதன் ராவ், கிருஷ்ணமூர்த்தி, ராகுல் பண்டிட் 1990-இல் இதை ஆராய்ந்து 1/3-ஐ ஒட்டிய அடுக்கைக் கண்டார்கள், பிறகு தீபக் தரும் தாமஸும் குறைந்த அதிர்வெண்ணில் அது 1/2 என்று காட்டினார்கள். ஈசிங் போல மேலும் கீழும் மட்டுமே உள்ள மாதிரியில், மேலே பார்த்த அதே காரணத்தால், மடக்கைதான் வரும். ஆனால் மடக்கை வெளிப்படும் அளவுக்குக் குறைந்த அதிர்வெண்ணைப் பெரும்பாலான சிமுலேஷன்கள் எட்டுவதே இல்லை. நடுவில் இரண்டு மூன்று பதின்மடங்குக்கு ஒரு நேர்கோடு போலத் தெரியும், அதற்கு ஓர் அடுக்கைப் பொருத்திக் கட்டுரை எழுதியவர்கள் ஏராளம்.

அதிர்வெண்ணை மிகவும் கூட்டினால் காந்தமாக்கத்துக்குப் புரள நேரமே கிடைக்காமல் கண்ணி ஒரு பக்கமே ஒட்டிக்கொள்ளும். அலைவுக் காலம் சிற்றுறுதி நிலையின் ஆயுளோடு ஒப்பாகும் இடத்தில் இந்தச் சமச்சீர் குலைவு நடக்கிறது, அதற்கு இயங்கு நிலைமாற்றம் என்று பெயர்.

பாட்ஸ் மாதிரியில் என்ன வித்தியாசம்?

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டுக்குப் பதில் பல நிறங்கள். சதுர வலையில் நிறங்கள் 4-ஐத் தாண்டினால் வெப்பநிலையாலேயே முதல்வகை மாற்றம், உள்ளுறை வெப்பத்தோடு. 10 நிறங்களுக்கு மாற்ற வெப்பநிலை சுமார் 0.7012.

ஒரு பொறி இருக்கிறது. மாற்றப்புள்ளியில் தொடர்பு நீளம் 10 நிறங்களுக்குச் சுமார் 10.6 கட்டம், 20 நிறங்களுக்கு 2.7, ஆனால் 5 நிறங்களுக்கு ஏறத்தாழ 2,500 கட்டம்! 256×256 வலையில் 5 நிறத்தை ஓட்டிவிட்டு "இது தொடர்ச்சியானது போலிருக்கிறதே" என்பதில் ஆச்சரியமில்லை. கற்றுக்கொள்ள 10 அல்லது 20 நிறத்தை எடுங்கள்.

இன்னொரு சுவையான விஷயம், குளிர்விப்பதும் சூடாக்குவதும் சமமல்ல. குளிர்விக்கும்போது ஒழுங்கற்ற நிலைக்குள் ஏதோ ஒரு நிறத்துளி பிறந்தாக வேண்டும். சூடாக்கும்போது, இரண்டு நிறப்பகுதிகளுக்கு இடையே ஏற்கெனவே ஒரு சுவர் இருந்தால், மாற்றப்புள்ளியில் அந்தச் சுவருக்குள் ஒழுங்கற்ற நிலை தானாகவே புகுந்து ஈரமாக்கிவிடும். கருவாக்கத்துக்குக் காத்திருக்கவே தேவையில்லை. ஆகவே ஒரே நிறத்தில் தொடங்கிச் சூடாக்குவதும் பல நிறப்பகுதிகளோடு சூடாக்குவதும் வெவ்வேறு சோதனைகள், கலந்துவிடாதீர்கள்.

எந்த அல்காரிதம் பயன்படுத்துவது?

நேர நகர்வு வேண்டுமென்றால் ஒரு சமயத்தில் ஓர் அம்பை மட்டும் தொடும் கிளாபர் அல்லது மெட்ரோபொலிஸ். மொத்தக் காந்தமாக்கம் மாறக்கூடாது என்றால் அண்டை அம்புகளை இடம் மாற்றும் கவாசாகி. ஸ்வெண்ட்சன்–வாங், வுல்ஃப் முறைகள் கொத்துக்கொத்தாகத் திருப்புபவை. சமநிலைச் சராசரிக்கு அருமை, ஆனால் அவற்றின் "நேரம்" இயற்கையின் நேரமல்ல. குறைந்த வெப்பநிலையில் பெரும்பாலான முயற்சிகள் நிராகரிக்கப்படும். அப்போது போர்ட்ஸ், கேலோஸ், லெபோவிட்ஸ் 1975-இல் தந்த நிராகரிப்பில்லாத முறைக்கு மாறுங்கள், பல நாள் ஓட்டம் மணிக்கணக்காகச் சுருங்கும்.

புலம் சரியாகப் பூச்சியத்தில் இருந்தால், ஒரு நிலையிலிருந்து மற்றதற்குப் போகுமா?

எல்லையுள்ள பெட்டியில் போகும், ஆனால் நடுவில் பெட்டியின் குறுக்கே ஒரு பட்டை உருவாக வேண்டும், அதற்கு இரண்டு சுவர். ஒன்சாகரின் சூத்திரப்படி வெப்பநிலை 2-இல் சுவரின் இழுவிசை கட்டத்துக்குச் சுமார் 0.456. 100×100 பெட்டியில் இரண்டு சுவருக்கும் கணக்குப் போட்டால் காத்திருப்பு 10¹⁹ அளவில் வருகிறது. சமநிலைச் சராசரி மட்டும் வேண்டுமென்றால் பெர்க், நியூஹாஸ் 1990-களின் தொடக்கத்தில் தந்த மல்டிகனோனிக்கல் முறை இந்த மேட்டைச் செயற்கையாகத் தட்டையாக்கிவிடும். நேர நகர்வுக்கு அது உதவாது.

தாவல் முடிந்ததும் கதை முடிந்ததா?

புலம் இருந்தால் ஏறக்குறைய முடிந்தது. பாட்ஸ் மாதிரியிலோ, பூச்சியப் புலத்தில் திடீரென்று குளிர்வித்த ஈசிங்கிலோ, இனிமேல்தான் நிறப்பகுதிகளுக்குள் சண்டை. சராசரிப் பகுதி அளவு நேரத்தின் வர்க்கமூலமாக வளரும், கவாசாகி வகையில் கனமூலமாக. இரு பரிமாண ஈசிங்கை வெப்பநிலை பூச்சியத்துக்கு இறக்கினால் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஓட்டங்கள் பட்டைகளாக உறைந்து அப்படியே நின்றுவிடும். இதுவும் பிழையல்ல.

எங்கே தொடங்கட்டும்?

64×64 வலை, சுற்றி மூடிய எல்லை (ஓர் ஓரம் எதிர் ஓரத்தோடு ஒட்டியது), வெப்பநிலை 0.5, புலம் 0.3. எல்லா அம்பும் கீழே, நடுவில் 3×3 மேல்நோக்கிய தீவு. மெட்ரோபொலிஸில் ஓட்டுங்கள், அது சட்டென்று மறையும். அடுத்து 12×12 வைத்துப் பாருங்கள், பரவிவிடும். அப்புறம் 6-ஐயும் 7-ஐயும் இருபது இருபது தடவை ஓட்டுங்கள். ஒரே தொடக்கம், ஒரே நிரல், விதை எண் மட்டும் வேறு: சில தடவை கரையும், சில தடவை வலை முழுவதையும் பிடிக்கும். எத்தனை கரைந்தது, எத்தனை பிடித்தது என்று குறித்து வைத்துக்கொண்டு வெப்பநிலையை 0.3-க்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள். அதற்கு மெட்ரோபொலிஸ் ஆமை வேகத்தில் நகரும், நிராகரிப்பில்லாத முறையை எழுதிவைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.